எண்ணமும் வறுமையும்



உங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தக அலமாரியை ஒருமுறை நோட்டமிடுங்கள். பாடநூல்களுக்கும் யாஸீன் கிதாபுக்கும் இடையில், மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஒரு மனிதனின் படத்தை அட்டையில் தாங்கிய நூல் ஒன்றாவது இருக்கும். நூல் இல்லையெனில், அதே செய்தியைக் கைப்பேசியில் கோட்டு அணிந்த ஒருவர் முழங்கிக் கொண்டிருப்பார். எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடும், ஏழ்மை என்பது மனத்தில் இருக்கிறது என்பதே அச்செய்தி. காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குச் செல்லும் பேருந்துகளில் இளைஞர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவிகளுக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் ஓடிக் கொண்டிருக்கிறது.

இந்தச் செய்தி எங்கிருந்து புறப்பட்டது, நம் தமிழுக்குள் எவ்வழியாக வந்தது, இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எவ்வளவு என்பதைச் சிந்திக்கும் கடமை பெற்றோருக்கும் எம்போன்ற உஸ்தாதுகளுக்கும் உண்டு. எனக்கு அக்கடமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

தன் கையே தனக்குதவி என்னும் பொருளில் 'ஸெல்ஃப் ஹெல்ப்' என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டு 1859ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஸாமுவேல் ஸ்மைல்ஸ். மருத்துவம் பயின்று, பத்திரிகை நடத்தி, ரயில்வே கம்பெனியில் காரியதரிசியாக இருந்தவர். இந்நூலை யஃகூப் ஸர்ரூஃப் என்பவர் அரபியில் மொழிபெயர்க்க, 1880இல் பெய்ரூத்தில் 'ஸிர்ருன் நஜாஹ்' (வெற்றியின் இரகசியம்) என்ற பெயரில் அது வெளிவந்தது. அரபி உலகமும் இக்கலையை அவ்வளவு முன்பே அறிந்திருந்தது. ஸ்மைல்ஸ் போற்றியது உழைப்பு, சிக்கனம், விடாமுயற்சி ஆகியவற்றை. எண்ணமே அனைத்தையும் ஆக்குகிறது என்னும் கொள்கையைச் சின்னஞ்சிறு நூலொன்றில் அடைத்து உலகெங்கும் அனுப்பியவர் வேறொருவர். அவரே ஜேம்ஸ் ஆலன். நம் கதை அவரைப் பற்றியது.

தந்தையை இழந்த பதினைந்து வயதுச் சிறுவன்

ஜேம்ஸ் ஆலன் 1864ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள லெஸ்டர் நகரில் பிறந்தார். நமது ஊர்களுக்குத் தோல் எப்படியோ அப்படியே அந்நகருக்குப் பின்னலாடை. தந்தை வில்லியம் பின்னல் தறித் தொழிலாளி. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1879இல் அத்தொழில் நலிவுற்றபோது, குடும்பத்தைப் பின்னர் அழைத்துக் கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் தந்தை தனியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க் போய்ச் சேர்ந்த இரண்டொரு நாளிலேயே அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. வழிப்பறிக்காரர்கள் அவரைக் கொன்றுவிட்டதாகக் கருதப்பட்டது. ரியாதுக்கும் துபாய்க்கும் குடும்பத் தலைவரை அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கும் இல்லங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உள்ளன. அத்தாயும் பிள்ளைகளும் அச்செய்தியை எவ்வாறு தாங்கியிருப்பார்கள் என்பதை அவ்வில்லங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து வயதில் ஆலனின் பள்ளிப் படிப்பு முடிந்தது. தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். பின்னர் பல கம்பெனிகளில் அந்தரங்கக் காரியதரிசியாகப் பணிபுரிந்தார். நாள் முழுவதும் பிறருடைய கடிதங்களை எழுதிவிட்டு இரவில் தனக்காகப் படித்தார். ருஷ்ய ஞானி டால்ஸ்டாயின் எளிய வாழ்வும், கீழைநாட்டுச் சமய நூல்களும் அவரை ஈர்த்தன. 1895இல் லில்லி என்னும் பெண்ணை மணந்தார். 1901இல் முதல் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு மாத இதழைத் தொடங்கினார். 1903இல் 'ஆஸ் எ மேன் திங்கெத்' வெளிவந்தது. ஏழே அத்தியாயங்கள். ஒரு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் படித்து முடித்துவிடலாம். அதன் தலைப்பு பைபிளின் நீதிமொழிகள் ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஆகமத்தை வேதக்காரர்கள் ஸுலைமான் நபி (அலை) அவர்களுடன் தொடர்புபடுத்துவர். வேடிக்கை என்னவெனில், ஆசிரியருக்கு அந்நூலில் அவ்வளவாகத் திருப்தி இல்லையாம். மனைவி வற்புறுத்தியதாலேயே அச்சுக்குக் கொடுத்தார் என்று கூறுவர்.

அதன் சாரம் இதுதான். மனம் ஒரு தோட்டம். அதில் நாம் விதைப்பதே முளைக்கும். விதைக்காமல் விட்டால் களை முளைக்கும். குணம் மட்டுமன்றி உடல்நலமும் சூழ்நிலையும் வெற்றி தோல்விகளும் எண்ணத்தின் விளைச்சலே. இதை அவர் தர்க்கம் செய்து நிறுவவில்லை. நீதி நூல்களின் பாணியில் உறுதியாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

பின்னர் அவர் இல்ஃப்ரகோம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். விடியுமுன் எழுந்து குன்றேறித் தியானம், முற்பகலில் எழுத்து, பிற்பகலில் தோட்ட வேலை, மாலையில் நாடி வருவோருடன் உரையாடல் என்பது அவருடைய நாள்முறை. ஆண்டுக்கு இரண்டு நூல் என்ற அளவில் எழுதினார். செல்வந்தர் ஆகவில்லை, ஆக முயலவும் இல்லை. இன்று அவர் பெயரைச் சொல்லிப் பணம் சேர்க்கும் வித்தை கற்பிப்போர் இதைக் குறித்துக்கொள்வது நலம். 1912 ஜனவரி 24ஆம் நாள் நாற்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. நெப்போலியன் ஹில், டேல் கார்னகி, நார்மன் வின்சென்ட் பீல் என்று பிற்காலத்தில் கோடிக்கணக்கில் விற்ற ஆசிரியர்களின் நூல்களைப் புரட்டினால் ஆலனின் வாடை வீசுவதை யாரும் உணரலாம்.

கோவைச் சிறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஆலனின் அந்நூல் வெளிவந்த ஆறே ஆண்டுகளில், அதாவது 1909இல், 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் அது தமிழாகிவிட்டது. மொழிபெயர்த்தவர் கோவைச் சிறையில் கைதியாக இருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழர் என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருக்கிறோம். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையரின் கடல் வாணிபத்துக்கு எதிர்க்கடை விரித்தவர். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்ட அக்கம்பெனியில், 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஒருவராகவே எடுத்துக்கொண்டவர் ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மேடைகளில் முழங்கும் நாமும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

1908 மார்ச் மாதம் சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். மாடு செய்ய வேண்டிய வேலையை வக்கீல் செய்தார். அக்காலத்தில்தான் அவர் ஆலனைத் தமிழாக்கினார்.

வாசகர்களே, இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். மனிதன் தன் சூழ்நிலையைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்கிறது நூல். அடக்கியாள்பவனும் அடிமையும் அறியாமையில் கூட்டாளிகள் என்னும் கருத்தும் ஆலனின் அந்நூலில் உண்டு. செக்கில் பூட்டப்பட்ட ஒருவர், பூட்டியவனின் மொழியிலிருந்து, பூட்டியவனின் நாட்டுக்காரர் எழுதிய இந்நூலை மொழிபெயர்க்கிறார் என்றால், அவர் அதில் கண்டது என்ன? தன் கெட்ட எண்ணமே தன்னைச் சிறைக்குக் கொண்டுவந்தது என்று அவர் ஒப்புக்கொண்டாரா? ஒருக்காலும் இல்லை. அவரைச் சிறைக்குக் கொண்டுவந்தது அவருடைய நல்ல எண்ணம். அரசாங்கத்தின் கை எட்டாமல் அவர் ஆட்சியில் எஞ்சியிருந்த ஒரே நிலம் அவருடைய மனம். அதை உழுது பயிரிட ஒரு கலப்பையாக இந்நூல் அவருக்குப் பயன்பட்டது என்பதே என் எண்ணம்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் விடுதலையானபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், ஒன்றும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்த தொகைக்காகக் கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்து, 1916இல் 347 ரூபாயைப் பெற்ற வரலாறு படிப்போர் நெஞ்சைப் பிழியும். சன்னதை மீட்டுக் கொடுத்த வெள்ளைக்கார நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இத்தனை அலைச்சலிலும் ஆலனை அவர் கைவிடவில்லை. 1914இல் 'அகமே புறம்', 1916இல் 'வலிமைக்கு மார்க்கம்', 1934இல் 'சாந்திக்கு மார்க்கம்' என மேலும் மூன்று நூல்களைத் தமிழாக்கினார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

எண்ணம் செல்வத்தைக் கொண்டுவரும் என்பது உண்மையானால், இந்நூல்களைத் தமிழுக்குத் தந்தவரே அதன் முதல் சாட்சியாக இருந்திருக்க வேண்டும். அவரோ கடைசிவரை கடன்பட்டே வாழ்ந்தார்.

நம்மவர் ஒருவர்

தமிழில் இத்துறையை ஒரு தோப்பாகவே வளர்த்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதை எடுத்துச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. 1922இல் தொண்டியில் பிறந்த மர்ஹூம் எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் அவர்களே அவர். சென்னை யுனிவர்ஸல் பப்ளிஷர்ஸ் வாயிலாக வெளிவந்த 'வாழ்க்கையில் வெற்றி', 'எண்ணமே வாழ்வு', 'கவலைப்படாதே', 'முன்னேறுவது எப்படி', 'சுபிட்சமாய் வாழ்க' முதலிய நூல்களை முஸ்லிம்கள் மட்டுமன்றி எல்லாச் சமூகத்தாரும் வாங்கிப் படித்தனர். 'நபிமார்கள் வரலாறு', 'வலிமார்கள் வரலாறு', 'முஸ்லிம் தமிழ்ப் புலவர்கள்', 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' ஆகியவற்றை எழுதியதும் அதே பேனாதான். கலைக்களஞ்சியத்தை மேற்கோள் காட்டும் ஆலிம்கள் சிலர் அவருடைய மற்ற நூல்களை உலகியல் என்று ஒதுக்குவது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

அவருடைய முறை வேறு. ஆலன் கொள்கையைச் சொன்னார். றஹீம் சாஹிப் மனிதர்களைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரலாற்று நிகழ்ச்சி, யாரோ ஓர் அறிஞர், ஒரு மாலுமி, ஒரு மன்னர், ஒரு சக்கிலியர் மகன் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பி.ஏ. படித்த நாட்களில், ஹாஸ்டல் அறைகளில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன அவருடைய நூலொன்றைப் படித்துத்தான் தேர்வு பயத்தை நான் விட்டேன். மொழி எளிது, நடை சுத்தம். அந்தப் பயன்பாட்டை நான் மறுக்க முடியாது.

ஆகவேதான், மத்ரஸாவில் ஓதிக் கொடுக்க வந்த பின், ஆண்டு விழாவில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை நூல்களைப் பரிசளிக்கும் வழக்கத்தை நானே தொடங்கினேன். ஆலனின் சிறு நூலின் புதிய தமிழ்ப் பதிப்பொன்றையும் அதில் சேர்த்தேன். மலிவான விலை, பார்க்கவும் அழகு.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் அந்நூலைப் பரிசாகப் பெற்ற ஒரு மாணவன், பதினாறு வயதிருக்கும், இரண்டு வாரம் கழித்து இஷா தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தான். அவனுடைய தந்தை ஒரு டேனரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக ஊறவைக்கும் குழி அது. விரல் நுனிகள் வெந்து, நகங்கள் தேய்ந்து, மூச்சிரைப்பும் சேர்ந்து கொண்டது. டேனரி மூடப்பட்டபோது கையில் வந்த தொகை வைத்தியத்துக்கே போதவில்லை. நூலின் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தான். உடல் நோயும் வறுமையும் எண்ணத்தின் நிழல்கள் என்று கூறும் பகுதி அது. "ஹஜ்ரத், எங்க அப்பா என்ன தப்பா நினைச்சார்?" என்று கேட்டான்.

வாசகர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் கோபத்தில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் அதை நம்பிவிட்டுக் கேட்டான்.

யார் எண்ணத்தின் விளைவு?

நம் பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக் கழகத்தாரின் ஆய்வுப்படி, தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது. இதை மேற்கோள் காட்டியே 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும், சுத்திகரிப்புக்குக் கெடுவும் விதித்தது. கெடுவுக்குள் ஏற்பாடு செய்யாதவற்றை மூடச் சொன்னது. கிணறு கெட்ட உழவன் எந்தத் தீய எண்ணத்தை விதைத்தான்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய காலம் போய்க் குரோமியம் வந்தது தொழிலாளியின் எண்ணத்தாலா? இது முதலீடு, சட்டம், சந்தை, ஏற்றுமதி, நம் அலட்சியம் ஆகியவை கூடிச் செய்த காரியம். தொழில் நம் சமுதாயத்தாரின் கையில் பெரும்பகுதி இருந்ததால் நமக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அத்தொழிலின் வருவாயிலிருந்தே கல்விக் கூடங்களும் மருத்துவ உதவிகளும் எழுந்தன என்பதும் அதே அளவு உண்மை. உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924இல் நிறுவிய காகா முஹம்மது உமர் போன்ற தனவந்தர்களை நன்றியுடன் நினைக்கிறோம். அந்த நன்றி, குழியில் நின்றவனின் கையைப் பார்க்கவிடாமல் நம் கண்ணை மறைத்துவிடக் கூடாது.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நம் மேடைகளுக்கு வரும்போது ஸூரத்துர் ரஃதின் பதினோராம் வசனத்தைத் தவறாமல் எடுத்தாள்வார்கள். மனிதன் தன் உள்ளத்தை மாற்றினால் அவன் நிலை மாறும் என்று விளக்கமும் சொல்வார்கள். அரபி தெரிந்தவர்கள் கவனியுங்கள். அங்கே வருவது 'கவ்ம்' என்ற சொல். ஒரு சமூகம் கூடித் தன்னை மாற்றிக்கொள்வதைப் பற்றிய பேச்சு அது. தனியொரு ஏழையின் வாசலில் போய் நின்று உன் நிலைக்கு நீயே காரணம் என்று அவ்வசனத்தை நீட்டுவதற்கு அதில் இடமில்லை. நிய்யத் பற்றிய ஹதீஸை ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸாக ஓதுகிறோம். எண்ணத்தின் மதிப்பு அதில் தெளிவு. அமல்களின் மதிப்பே அங்கு எண்ணத்துடன் இணைக்கப்படுகிறது. வங்கிக் கணக்கு இணைக்கப்படவில்லை. ஐயூப் நபி (அலை) அவர்களின் நோயை யாராவது அவர்களுடைய மனக் குறை என்று சொல்லத் துணிவார்களா?

இதையெல்லாம் மறுநாள் அம்மாணவனிடம் இவ்வளவு கோவையாக நான் சொல்லவில்லை. அவனை உட்கார வைத்து, நூலை எழுதியவரின் தந்தை நியூயார்க்கில் இறந்த கதையைச் சொன்னேன். வேலை போனதால் கப்பலேறி, கப்பலேறியதால் உயிரிழந்த ஒரு தொழிலாளியின் மகன் எழுதியது இது என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க அப்பாவை மட்டும் அவர் குத்தம் சொல்லியிருக்க மாட்டார் இல்ல, ஹஜ்ரத்?" என்றான். ஆலன் தம் தந்தையைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பின்னர் சிதம்பரம் பிள்ளையின் கதையைச் சொன்னேன். செக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் வக்கீலா என்று இரண்டு முறை கேட்டான்.

பரிசு நூல்களை நான் நிறுத்திவிடவில்லை. றஹீம் சாஹிபின் நூல்கள் இன்றும் பட்டியலில் உள்ளன; அவை பயந்த பிள்ளைக்குத் துணிவு தருபவை. ஆலனை மட்டும் இப்போது தனியாகக் கொடுப்பதில்லை. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாறு ஒன்றையும் அதனுடன் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறோம். செலவு இருமடங்காகிறதே என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். ஒரு வகுப்புக்குக் குறைவாகப் பரிசளிப்பது என்று முடிவாயிற்று.

அந்த மாணவன் இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் வேலையில் இருக்கிறான். தந்தையையும் உடன் அழைத்துப் போய்விட்டான். அன்று நான் படிக்கக் கொடுத்த என் சொந்தப் பிரதியான 'மனம்போல வாழ்வு' இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. ஈத் பெருநாளுக்கு வந்தபோது அதைக் கேட்டேன். "இன்னும் முடிக்கல ஹஜ்ரத், சில இடத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க" என்றான்.